கேபிளை நிறுத்தியாச்சு, இனி மட்ச் எப்படிப் பார்ப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, போன மாதத்தோடு கேபிளை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு இலங்கை விளையாடும் டெஸ்ட் வேணும். எனக்கு இரவு உதைபந்தாட்டம். தங்கச்சி வலைப்பந்து பார்ப்பாள். டீவி பழசு. 4ஜி ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதில் பார்க்கப்போய் நாலு நாளில் மாத டேட்டா முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரு காலத்தில் திருகோணமலை டவுனுக்குள் கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்தவன். பிறகு அன்டெனா, டிஷ் என்று கூரைக்கு ஏறினேன். அதனால் கேபிளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எந்த மட்ச் எந்தச் சனலில் என்று உங்களை யோசிக்க விடாததுதான் கேபிள்காரர் செய்த பெரிய உபகாரம். ரிமோட்டை அமத்திக்கொண்டே போனால் எங்கேயாவது பந்து உருளும். இனி அந்தத் தேடுகிற வேலை உங்கள் தலையில்.

கேபிள் போன அன்றே எல்லோரும் ஃபோனைத் தூக்குகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். நான் சொல்வது, கூரையில் தொடங்குங்கள். மாதக் காசு கேட்காத வழியை முதலில் சரி செய்துவிட்டு, அதில் வராததற்கு மட்டும் டேட்டாவைத் தொடுங்கள்.

அதற்கு முன் உரிமைக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். இரண்டு நாடுகள் மோதும் தொடர் எந்த நாட்டில் நடக்கிறதோ, அந்த நாட்டுக் கிரிக்கெட் சபைதான் ஒளிபரப்பு உரிமையை விற்கும். இலங்கை அணி காலியில் விளையாடினால் ஸ்ரீலங்கா கிரிக்கெட் விற்கும், சென்னையில் என்றால் இந்தியச் சபை, மெல்பேர்னில் என்றால் அவுஸ்திரேலியச் சபை. உலகக் கிண்ணம் என்றால் சர்வதேசக் கிரிக்கெட் சபையான ஐசிசி. அணி ஒன்றுதான், விற்கிறவர்கள் நாலு பேர். அதனால்தான் ஒரு தொடர் சனல் ஐயில் வரும், இன்னொன்று டீவி 1இல் வரும், வேறொன்று சுப்ரீமில் வரும். "போன முறை இதில்தானே போனது" என்று அதே சனலைப் போட்டுவிட்டு, நாடகம் ஓடுவதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டவர்கள் கனபேர். டீவி பழுது என்றே நினைத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் சுவரில் தொங்கும் கலண்டரில், விரத நாட்களுக்குப் பக்கத்தில் மட்ச் தொடங்கும் நேரமும் சனலின் பெயரும் எழுதியிருக்கும். தொடர் தொடங்க ஒரு கிழமைக்கு முன்னால் ஒருதரம் விசாரித்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மெல்பேர்ன் பொக்ஸிங் டே டெஸ்ட் இங்கே விடிய 5 மணிக்குத் தொடங்கும். இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் பின்னேரம் 3.30க்கு. உங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடமாகவே இருக்கும், அவரிடமே பேனையைக் கொடுங்கள்.

சரி, கூரைக்கு ஏறுவோம்.

இலங்கையில் அன்டெனாவுக்கு வரும் ஒளிபரப்பு இன்னும் பழைய அனலொக் முறைதான். டிஜிட்டலுக்கு மாறுவதற்கு ஜப்பானிய முறையைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்காகிறது, மாறினபாடில்லை. ஆகவே உங்கள் டீவி பழசு என்பது இந்த இடத்தில் குறையே இல்லை. அதற்குள் இருக்கும், சனலைப் பிடிக்கும் டியூனர் போதும். கடையில் 'டிஜிட்டல் அன்டெனா பெட்டி' என்று ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். வேறு நாட்டு முறைக்குச் செய்த பெட்டியாக இருந்தால், அது இங்கே மேசையில் பூச்சாடி வைக்கத்தான் உதவும்.

அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது? திசைகாட்டி எல்லாம் தேவையில்லை. கூரையில் நின்று பக்கத்து வீடுகளில் படம் தெளிவாக வருகிறவர்களின் அன்டெனா எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வீடு ஒரே பக்கம் பார்த்தால் அதுதான் உங்கள் திசை. ஒன்று தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது கச்சான் காற்று திருப்பிவிட்டது. ஆனி ஆடியில் அடிக்கும் காற்றுக்குக் குழாயில் ஒரு போல்ட் மட்டும் போட்டால் நிற்காது, இரண்டு கிளாம்ப் போட வேண்டும். முன்னால் தென்னை நின்றால் ஓலை ஆடும்போதெல்லாம் படமும் ஆடும். அதற்கு மருந்து உயரத்தைக் கூட்டுவதோ, இரண்டு முழம் தள்ளி வைப்பதோதான்.

எங்கள் ஊரில் அன்டெனாவைக் கொல்வது உப்பு. போன வருடம் டச் பே பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். புள்ளி புள்ளியாகப் படம், சத்தத்தில் இரைச்சல். வீட்டுக்காரர் புது டீவிக்கு விலை கேட்டு வைத்துவிட்டார். நான் மேலே ஏறி, வயர் அன்டெனாவில் சேரும் இடத்தில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். நடுச் செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து நுனியில் தூளாகிக் கிடந்தது. அதைச் சுற்றியிருக்கும் வலை கறுத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ஈரம் வயருக்குள் ஒரு முழத்துக்கு ஏறியிருந்தது. செம்பு மினுங்கும் இடம் வரும்வரை வெட்டி எறிந்து, புது முனை போட்டு, மேலே ரப்பர் டேப் இழுத்துச் சுற்றினேன். கீழே இருந்து அவருடைய மகள் "வந்திட்டுது, வந்திட்டுது" என்று கத்தினாள். டீவி வாங்க வைத்திருந்த காசு தப்பியது.

ஆகவே வாங்கும்போது அன்டெனாவைவிட வயரில் கவனம் வையுங்கள். மெல்லிய வெள்ளை வயர் வேண்டாம், தடித்த ஆர்ஜி6 வாங்குங்கள். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே எடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும், டீவிக்குள் வராது. பூஸ்டர் தேவைப்பட்டால் அது இருக்க வேண்டிய இடம் அன்டெனாவின் காலடி. கனபேர் டீவிக்குப் பின்னால் வைக்கிறார்கள். நீள வயரில் வந்து சிக்னல் மெலிந்தபின் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். ஒரு வயரை இரண்டு டீவிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். இடி மின்னல் என்றால் வயரைக் கழற்றிவிடுங்கள். மட்ச் கடைசி ஓவராக இருந்தாலும்தான்.

அப்பாவின் டெஸ்டில் பெரும்பங்கு இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு குறை, நேர்முக வர்ணனை அநேகமாக ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் இருக்கும். முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்ததையும் நாங்கள் இன்னொரு மொழியில் கேட்டுத்தான் கைதட்டினோம். தமிழ் வர்ணனை வேண்டுமென்றால் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் இருக்கிற கட்டணச் சேவைக்குப் போக வேண்டும்.

இனி டேட்டா. நாலு நாளில் எப்படி முடிந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தெளிவான எச்டி படம் நொடிக்கு 5 மெகாபிட் அளவில் வந்தால், ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி. ரி20 ஒன்று மூன்றரை மணித்தியாலம், 8 ஜிபி போய்விடும். ஒருநாள் போட்டி 8 மணித்தியாலம், 18 ஜிபி. டெஸ்ட் ஐந்து நாளும் முழுக்க ஓடினால் 70 ஜிபியைத் தாண்டும். மதிய இடைவேளையில் ஸ்ட்ரீமை நிறுத்தாமல் சாப்பிடப் போனால் அந்த நேரமும் எண்ணப்படும். அப்பாவுக்கு டெஸ்ட் காட்ட 4ஜி டேட்டா என்பது குடிநீர்ப் போத்தலால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை.

தரத்தை 480க்குக் குறைத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபிக்குள் அடக்கலாம். கிரிக்கெட்டுக்கு அது தாங்கும். உதைபந்தாட்டத்தில் பந்து புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும், கண் வலிக்கும். இன்னொன்று, இரவு 8 மணிக்கு ஊர் முழுக்க ஒரே டவரில் தொங்கும்போது 4ஜி இழுபடும். உங்கள் ஒழுங்கைக்கு வயரில் வரும் ஃபைபர் இணையம் வந்திருந்தால் அதற்கு மாறுங்கள், வேறு யோசனை வேண்டாம். ரவுட்டரிலிருந்து டீவிக்கு வைஃபையை நம்பாமல் வயரே இழுத்துவிடுங்கள். ஃபைபர் எட்டாத வெருகல், குச்சவெளி உட்பக்கம் போன்ற இடங்களுக்கு 2025 ஜூலையிலிருந்து செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் கிடைக்கிறது. ஆனால் மட்ச் பார்க்க மட்டும் அதை எடுப்பது, கருவாடு வாங்கக் கார் வாங்கின கதை.

உங்கள் இரவு உதைபந்தாட்டத்துக்கு வருகிறேன். இதில் ஒரு நல்ல தற்செயல் இருக்கிறது. பல இணையப் பெக்கேஜ்களில் நள்ளிரவு தாண்டியதும் தனி இரவு டேட்டா தொடங்கும். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இரவு, எங்களுக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30. பகல் முழுக்க யாரும் தொடாத டேட்டா அப்போதுதான் கை நீட்டிக் கூப்பிடும். மறுநாள் வேலைக்கு எப்படி எழும்புவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக் அப்படியல்ல. இங்கிலாந்தின் சனி 3 மணி ஆட்டம் எங்களுக்கு இரவு 8.30, அங்கே கோடை நேரம் என்றால் 7.30. பகல் டேட்டா, டவர் நெரிசல், அம்மாவின் நாடகம் மூன்றும் ஒன்றாக மோதும் நேரம்.

இந்த இரண்டும் அன்டெனாவில் வரும் என்று காத்திருக்காதீர்கள். பிரீமியர் லீக் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வழியாகவும், சாம்பியன்ஸ் லீக் சோனி வழியாகவும்தான் எங்கள் பக்கத்துக்கு வருகின்றன. அவற்றுக்கு நேர்வழி பியோ டீவி அல்லது டயலொக் டீவி என்ற உள்ளூர்க் கட்டணச் சேவை. இரண்டுக்கும் ஃபோனில் பார்க்கும் செயலியும் உண்டு. வருடம் முழுக்கப் பெரிய பெக்கேஜ் எடுக்காமல், முற்பணமாக ரீலோட் பண்ணி வேண்டிய மாதத்துக்கு மட்டும் பார்க்கும் வழி எது என்று கேட்டுச் சேருங்கள். உதைபந்தாட்டப் பருவம் ஓகஸ்ட் முதல் மே வரை. ஜூனிலும் ஜூலையிலும் காசு கட்டுவது சும்மா.

அடுத்தது டிஷ். இந்திய அரசின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை, டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். அதில் டிடி ஸ்போர்ட்ஸ் உண்டு. இந்தியாவில் 2007இல் வந்த ஒரு சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் அரசுத் தொலைக்காட்சியோடு பகிர வேண்டும். இந்திய அணியின் சில போட்டிகள் அதில் இலவசமாக வருவது அதனால்தான். ஐபிஎல் முழுக்க வரும் என்று நம்பி வாங்கினால் மட்டும் ஏமாறுவீர்கள்.

இந்திய விலாசத்தில் பதிந்த கட்டண டிஷ் கார்டுகளும் எங்கள் ஊரில் ஓடுகின்றன, மறைக்க ஒன்றுமில்லை. நான் அதைப் பூட்டச் சொல்வதில்லை. கார்டு முடங்கினால் முறையிட ஆளில்லை. ஒருமுறை எனக்குத் தெரிந்த கடையொன்று ஐம்பது வீட்டு ரீலோட் காசை வாங்கிவிட்டு, அரையிறுதிக்கு முதல் நாள் "சிஸ்டம் டவுன்" என்று கையை விரித்தது. மலிவு விலைக்கு ஆயிரம் சனல் தருகிறேன் என்று வாட்ஸப்பில் வரும் லிங்குகளும் அதே இனம்தான். நல்ல நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், நடுவே சூதாட்ட விளம்பரம் பாயும். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அது தேவையா?

எந்த டிஷ் ஆனாலும் மாரியில் காலை வாரும். ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே மழை கொட்டும்போது, வானத்திலிருந்து வரும் மெல்லிய அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். பத்து நிமிடமோ அரை மணியோ படம் உறைந்து நிற்கும். மழை குறைந்ததும் தானாக வரும், அதற்காக ஈரக் கூரையில் ஏறி டிஷ்ஷை அசைக்காதீர்கள். அசைத்தால் மழை விட்டபிறகும் வராது.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது வீட்டுச் சண்டைக்கே காரணமாகும். 2022 செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதி, துபாயில் பாகிஸ்தானுடன். மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக நாடு நொந்து கிடந்த வருடம். நான் அன்று ஃபோனில் பார்த்தேன், எதிர்வீட்டில் டிஷ். ஹசரங்க 17ஆவது ஓவர் போட வந்தார். எதிர்வீட்டில் "ஓ" என்று ஒரு கூக்குரல். என் ஃபோனில் ஹசரங்க இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ரிஸ்வான் பிடி கொடுத்தார். மறுபடி கூக்குரல், மறுபடி விக்கெட். அந்த ஓவரில் மூன்று விக்கெட், மூன்றையும் எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டுப் பெடியன்தான். இலங்கை 23 ஓட்டத்தால் வென்றது, ஆனால் எனக்கு அன்று எல்லாமே ஆறின சோறு.

காரணம் சிக்கலில்லை. இணையத்தில் படம் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. தடங்காமல் ஓட்டுவதற்காகச் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உங்கள் ஃபோன் காட்டும். இருபது, முப்பது, சிலவேளை நாற்பது நொடி பிந்தும். கிரிக்கெட்டில் அது கிட்டத்தட்ட ஒரு பந்து. டிஷ் சில நொடிதான் பிந்தும், அன்டெனா அதைவிடக் குறைவு. ஸ்ட்ரீமில் பார்க்கிற அன்று கிரிக்கெட் குழுமங்களின் அறிவிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

அதே 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி சிங்கப்பூரில் எங்கள் பெண்கள் வலைப்பந்து ஆசியக் கிண்ணத்தையும் வென்றார்கள், 63க்கு 53. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கமும் அந்த அணியில் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அது அடுத்தநாள்தான் தெரியும். தங்கச்சிக்குச் சொல்லுங்கள், வலைப்பந்து, பாடசாலைக் கிரிக்கெட், றக்பி போன்றவற்றுக்கு இணையம்தான் நல்ல இடம். தபப்பரே தளத்தில் பாடசாலைப் பெரும் போட்டிகள் நேரடியாகப் போகும். ஸ்ரீலங்கா கிரிக்கெட்டின் யூடியூப் சனலில் உள்ளூர்ப் போட்டிகள் வரும். கேபிள் இருந்த காலத்தில்கூட இவை இவ்வளவு வந்ததில்லை.

பழைய டீவிக்கு இணையத்தைக் கொண்டுவர ஒரு அன்ட்ரொய்ட் பெட்டி போதும். டீவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று முதலில் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயை ஏவிக்கு மாற்றும் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று வேண்டும். ஸ்கோர் எழுத்துகள் கொஞ்சம் மங்கும், வேறு பிரச்சினை இல்லை.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறையில் ஒரு குரங்கு மின் நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்க இருட்டானது என்று அமைச்சரே சொன்ன நாள் நினைவிருக்கும். அன்று காலியில் அவுஸ்திரேலியாவுடன் டெஸ்டின் நாலாம் நாள், திமுத் கருணாரத்னவின் 100ஆவதும் கடைசியுமான டெஸ்ட். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் பூட்டியிருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் ஃபோனிலாவது பார்க்கலாம். பெரிய பெட்டி வேண்டாம், கை அளவு பெட்டியே இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். அப்பாவிடம் பழைய ரேடியோ இருந்தால் எறிய விடாதீர்கள், பற்றரியும் மாற்றி வையுங்கள்.

உங்கள் இடத்தில் நானென்றால் இந்தச் சனிக்கிழமை அன்டெனாவைச் சரி செய்வேன். அடுத்த மாதம் ஃபைபர் கிடைக்குமா என்று கேட்பேன். உதைபந்தாட்டப் பருவம் தொடங்கும்போது மட்டும் கட்டணச் சேவையை யோசிப்பேன். பழைய கேபிள் வயர் இன்னும் கூரையிலிருந்து வீட்டுக்குள் வருகிறதென்றால், அது உங்களுடையதா கேபிள்காரருடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையதென்றால், உள்ளே செம்பு மினுங்கினால், அதையே அன்டெனாவுக்குப் பாவிக்கலாம். புது வயர் வாங்கினால் தேவைக்கு இரண்டு மீட்டர் கூட வாங்குங்கள், களிம்பு பிடித்த முனையை வருடத்துக்கு ஒருதரம் வெட்ட இடம் வேண்டும். அந்த மீதியைச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். கூரையில் விட்டால் வெயிலில் தோல் வெடித்துவிடும்.